தடத்துக்காரரின் இருபதடி மணல்

திண்டுக்கல் வட்டாரத்திலேயே மனிதர் முகத்தைக் கடைசியாகப் பார்க்கிறவர் அவர் ஒருவர்தான். முதலில் காலைப் பார்ப்பார். பிறகு கால் பட்ட மண்ணைப் பார்ப்பார். இரண்டும் திருப்தியாக இருந்தால்தான் தலையை நிமிர்த்தி, "வாங்க" என்பார். சிறுமலை அடிவாரத்தில் பாரஸ்ட் கார்டு வேலை. பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. எங்களுக்கு அவர் தடத்துக்காரர்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் நான் அங்கே ரேஞ்ச் ஆபீஸ் ஜீப் டிரைவர். பிள்ளைகளே, காட்டைக் காப்பது என்றால் துப்பாக்கியும் கையுமாகத் திரிவது என்று நினைப்பீர்கள். இவர் கையில் இருந்தது விளக்குமாறு. அவர் குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்தில், சரிவிலிருந்து ஓடைக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதை எங்கள் ஜீப் தடத்தைக் குறுக்கே வெட்டும். அந்த இடத்தில் இருபதடி நீளத்துக்கு மணலைப் பரப்பி வைத்திருந்தார். சாயங்காலம் ஆனால் அதைக் கூட்டிச் சமப்படுத்துவார். விடிந்ததும் குத்தவைத்து உட்கார்ந்து, தண்ணீர் குடிக்க யார் யார் வந்து போனார்கள் என்று படிப்பார். காட்டில் என்ன இருக்கிறது, எது குறைகிறது என்று தெரிந்துகொள்ள அவருக்கு இருந்த ஒரே வழி அது.

அவர் படித்து முடிக்கும்வரை உலகம் நிற்க வேண்டும். ஒருமுறை மாப்பிள்ளை வீட்டு வண்டியையே மறித்து, முள்ளுக்குள் சுற்றிப் போகச் சொல்லிவிட்டார். முகூர்த்தம் தவறிவிடும் என்று பெரியவர் ஒருவர் கெஞ்சியதற்கு, உள்ளே ஒரு முள்ளம்பன்றி போயிருக்கிறது, அது இன்னும் திரும்பவில்லை என்று பதில் வந்தது.

ஊரில் தோல்ஷாப்புகள் நிறைய. தோல் பதனிட ஆவாரம்பட்டை வேண்டும். அதனால் பட்டை உரிக்கக் காட்டுக்குள் திருட்டுத்தனமாக ஆட்கள் ஏறுவார்கள். அதில் ஒரு கெட்டிக்காரன், இறங்கிப் போனதுபோலத் தெரியட்டும் என்று செருப்பை முன்பின்னாகத் திருப்பிக் கட்டிக்கொண்டு மலை ஏறினான். மறுநாள் காலை தடத்துக்காரர் நேரே அவன் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"ஏலே, செருப்பைத் திருப்பி மாட்டிக்கிட்டு மலையேறுனா காலு புண்ணாயிரும்லே. விளக்கெண்ணெய் இருந்தாத் தடவு."

அவன் அழுதே விட்டான் என்பார்கள். அவ்வளவு தூரம் எனக்குத் தெரியாது.

இந்த மனிதருக்கும் ஒரு சோதனை வந்தது. அந்தச் சரிவில் மிருகமே கிடையாது, வெறுங்காடுதான், மரத்தையும் பட்டையையும் எடுத்துக்கொள்கிறேன் என்று ஒரு காண்ட்ராக்டர் குத்தகை கேட்டார். மேலதிகாரி ஒருவர் இரண்டு நாள் பார்வைக்கு வந்தார். இரண்டாம் நாள் குத்தகையில் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு. கடமான் வருகிறது, கேளையாடு வருகிறது என்று தடத்துக்காரர் எழுதி அனுப்பிய காகிதங்களை அவர் நம்பவில்லை. கண்ணால் பார்த்தவர் யாராவது உண்டா என்றுதான் கேட்டார்.

முதல் நாள் காலை தடத்துக்காரர் தன் மணலைத் தானே மிதிக்கவில்லை. அதிகாரி கண்ணாலேயே பார்க்கட்டும் என்று தொடாமல் விட்டுவிட்டு, இஸ்திரி போட்ட காக்கியோடு மெயின் ரோட்டுக்கு வந்து எங்கள் ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

வந்து இறங்கினால், மணலில் ஒரு தடம்கூட இல்லை. அவர் சம்சாரம், பெரிய அதிகாரி வருகிறாரே என்று விடிகாலையில் எழுந்து இருபதடியையும் சுத்தமாகப் பெருக்கி, சாணம் தெளித்து, வண்டிச்சக்கரம் அகலத்துக்குக் கோலமும் போட்டு வைத்திருந்தார். நடுவில் பூசணிப்பூ வேறு.

அதிகாரி கோலத்தைப் பார்த்தார், தடத்துக்காரரைப் பார்த்தார்.

"இதுல எந்தப் புள்ளிய்யா கடமான்?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். நாளைக் காலை இதே வழியாகத்தானே போவீர்கள், செத்த நேரம் நின்று பார்த்துவிட்டுப் போங்கள் என்று தடத்துக்காரர் கேட்டுக்கொண்டார். அதிகாரி தலையாட்டினார். அது சரி என்ற ஆட்டலா, சும்மா ஆட்டலா என்று சொல்ல முடியாது.

அன்று மத்தியானம் தடத்துக்காரர் சாப்பிடவில்லையாம். அவர் சம்சாரம்தான் பின்னால் எனக்குச் சொன்னார். சாணம் காய்ந்து மணலோடு இறுகிவிட்டது, விளக்குமாறு ஏறவில்லை. பொழுது சாயும்போது அவர் வெறுங்கையோடு உட்கார்ந்திருக்க, இந்த அம்மாள் ஓடையிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி, செம்மண்ணும் சாணியும் குழைத்து இருபதடியையும் வழவழவென்று மெழுக ஆரம்பித்தார். இன்னும் கெடுக்கவா என்று இவர் சீறியிருக்கிறார்.

"மணல்ல விழுந்த தடம் காத்தடிச்சாப் போயிரும். மெழுகுன தரையில கோழி நடந்தாக்கூட நகம் பதியும். முப்பது வருசமாக் கோழி வெரட்டுறேன், எனக்குத் தெரியாதா? அங்கிட்டுத் தள்ளி உக்காருங்க."

மறுநாள் காலை, நான் ஜீப்பை நிறுத்தும் முன்பே அதிகாரி இறங்கிவிட்டார். தரை முழுக்க, அரக்கில் முத்திரை குத்தினதுபோலக் குளம்புகள். ஒரு பெரிய கடமான் நிதானமாக இறங்கிப் போயிருந்தது. அதன் பக்கத்திலேயே சின்னக் குளம்பு. ஈரத்தில் ஒரு இடத்தில் வழுக்கி, ஒரு முழம் சறுக்கி, மறுபடி தாயோடு ஒட்டிக்கொண்டு போயிருந்தது. அதிகாரி உட்கார்ந்து அந்தச் சறுக்கலை விரலால் தொட்டுப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"குட்டி போட்டு வளக்குது இங்க. வெறுங்காடுன்னு சொன்னானே அந்த ஆளு" என்றார். பிறகு, "இந்தத் தரைவேலை யாரு செஞ்சது?" என்று கேட்டார்.

தடத்துக்காரர் ஓரத்தைக் காட்டினார். மெழுகி முடித்துக் கடைசியாகக் கால் வைத்து வெளியேறிய இடத்தில், இரண்டு சின்னப் பாதங்கள் பதிந்திருந்தன.

"அது எங்க வீட்டுத் தடமுங்க ஐயா."

அந்தச் சரிவு குத்தகையிலிருந்து நீங்கியது. காண்ட்ராக்டர் வேறு மலை பார்க்கப் போனார்.

தடத்துக்காரர் இறுகினதைக் கொத்திவிட்டுப் புது மணல் கொட்டினார், வழக்கம்போலக் கூட்டினார், ஜீப்பை வழக்கம்போல நிற்க வைத்தார். அந்த இரண்டு பாதம் இருந்த ஓரத்தை மட்டும் அவர் தொடவில்லை. மழை வந்து அது கரைகிறவரை, நானும் ஜீப்பை ஒரு முழம் தள்ளித்தான் ஓட்டினேன்.