பேசி முடித்தால்தான் கதவு திறக்கும்

அன்பு நிறைந்த மைத்துனருக்கு,

வணக்கம். இங்கே நானும் உங்கள் அக்காவும் நலம். லிஃப்டுக்குள் இருப்பவர்களைத் தவிர மற்ற குடித்தனக்காரர்களும் நலம். அங்கே நீங்களும் குழந்தைகளும் சௌக்கியம்தானே?

மாப்பிள்ளை, வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு நம் குடியிருப்புச் சங்கத்தின் கூட்டம். லிஃப்டில் பேசும் என் குரலை அழித்துவிடலாமா என்று ஓட்டெடுப்பு. நாலாம் மாடியில் வீடு வைத்திருப்பதால் உங்களுக்கும் ஒரு ஓட்டு உண்டு. எப்படியாவது வந்து எனக்காகக் கை தூக்க வேண்டும்.

போன மாதம் புது லிஃப்ட் வைத்தார்கள். ஒவ்வொரு மாடியிலும் நின்றதும் அறிவிப்புச் சொல்ல ஒரு குரல் தேவைப்பட்டது. "வாத்தியார் குரல்னா தெளிவா இருக்கும் சார்" என்று செயலாளர் தேடி வந்து கேட்டார். வெறுமனே "மூன்றாம் மாடி" என்றால் யாருக்கு என்ன பயன்? எதையும் எடுத்துக்காட்டோடு சொன்னால்தானே மனதில் நிற்கும்? அதனால் இரண்டாம் மாடிக்கு, "இரண்டு என்பது இணை, எடுத்துக்காட்டாக, செருப்பு, ஒன்று தொலைந்தால் மற்றதும் வீண்" என்றேன். மூன்றாம் மாடிக்கு முக்காலி. ஐந்தாம் மாடிக்கு ஐந்து விரல்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு கதையோடு. "நீங்க பேசி முடிச்சாதான் கதவு திறக்கும் சார், பாத்துக்குங்க" என்று மெக்கானிக் எச்சரித்தார். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. முப்பத்து நான்கு வருட சர்வீஸில், நான் முடிக்கும்வரை யாருமே எழுந்து போகமுடியாத வகுப்பு ஒன்றுகூட எனக்கு வாய்த்ததில்லை!

மறுநாளே ஆரம்பித்தது புகார். மூன்றாம் மாடிப் பல் டாக்டர் வந்து, "சார், பல்வலியோட வர்றவங்க உங்க முக்காலியக் கேட்டுப் பல்லக் கடிக்கிறாங்க, இருக்கிற பல்லும் போயிடும்போல" என்றார். நாலாம் மாடிப் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டுக்கொண்டே லிஃப்டில் ஏறியவர்கள், இறங்கும்போது ஒற்றுமையாகி, நேரே என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். சேர்த்துவைத்தவன் நான் என்ற நன்றி உண்டா? இங்கே உங்கள் நாலாம் மாடி வீட்டுக்கு எதிர்வீட்டுக் குழந்தை அம்மா என்றும் சொல்லவில்லை, அப்பா என்றும் சொல்லவில்லை, முதன்முதலாக வாயைத் திறந்து "எதுத்துக்காத்தாக" என்றதாம். பெற்றவள் என் வாசலில் வந்து நின்று அழுகிறாள், நான் என்ன செய்ய? உங்கள் அக்காவோ மொட்டைமாடியில் துணி உலர்த்தப் போனவள் வாளியோடு திரும்பி வந்து, "வீட்ல கேக்குறது போதாதுன்னு அங்கயும் உங்ககிட்ட மாட்டணுமா? சுண்டுவிரல் வர்றதுக்குள்ள பாதித் துணி லிஃப்ட்லயே காஞ்சுபோச்சு!" என்கிறாள். பொறுமை இல்லாத காலம் மாப்பிள்ளை, வேறென்ன சொல்ல? அரை நிமிஷம், ஒன்றரை நிமிஷம் ஒரு நல்ல விஷயத்தைக் கேட்க முடியாதா? வாத்தியார் என்று மதித்துக் கேட்டவர்களே இப்போது என் வாயை அடைக்கப் பார்க்கிறார்கள். உங்கள் ஒரு கையைத்தான் நம்பியிருக்கிறேன்.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும். குழந்தைகள் நன்றாகப் படித்து, நல்ல செவிகளோடு வளர என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் அக்காவின் கணவன்

பின்குறிப்பு: ஐந்தாம் மாடியிலும் ஓட்டுக் கேட்கலாமென்று இப்போதுதான் லிஃப்டில் போனேன். தரைத்தளத்துக்காரன் என்பதால் இதுவே முதல் தடவை. மோதிர விரலுக்கு வருவதற்குள் கதவைத் தட்ட ஆரம்பித்துவிட்டேன். என்னிடம் படித்த பிள்ளைகள் முப்பத்து நான்கு வருடம் தட்டாமல் உட்கார்ந்திருந்தார்களே, அவர்கள் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள். என் குரலை அழிக்கச் சொல்லிக் கை தூக்குங்கள், நானும் தூக்குவேன். பதிலுக்கு உங்கள் அக்காவின் குரலைப் போடுவதாகப் பேச்சு. மெக்கானிக்கின் போனில் பேசியும் கொடுத்துவிட்டாள். எல்லா மாடிக்கும் சேர்த்து ஒரே சொல்: "எறங்குங்க!"