பாரை பிடிப்பதுபோல் பிஸ்டல் பிடித்த கதை

என் இடது புருவத்துக்கு மேலே இருக்கும் தழும்பு துப்பாக்கியால் வந்தது. திருகோணமலைக்காரன் இப்படிச் சொன்னால், கேட்பவர்கள் உடனே குரலைத் தாழ்த்தி, "எந்த வருசம்?" என்பார்கள். அந்த மரியாதையைக் கொஞ்ச நேரம் அனுபவித்துவிட்டுத்தான் உண்மையைச் சொல்வேன். சண்டை முடிந்து வெகுகாலத்துக்குப் பிறகு, பட்டப்பகலில், என்னை நானே அடித்துக்கொண்டது அது.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. பக்கத்து ஊரான சல்லியில் இருக்கும் நல்லையா மாமாவின் மகள் ரஜிதாவைக் கட்ட ஆசை. மாமா நாற்பது வருடம் கடலில் கிடந்தவர். அதனாலேயே, "கடலுக்குப் போறவனுக்கு என்ர பிள்ளையைக் குடுக்க மாட்டன். மாசச் சம்பளக்காரன் வேணும்" என்றுவிட்டார். நானோ நிலாவெளியில் அப்பாவோடு தூண்டில் போடுகிறவன். ஆகவே, துறைமுகத்தில் கப்பல்களுக்குக் காவல் போடும் ஒரு தனியார் கம்பனிக்கு விண்ணப்பித்தேன். நேர்முகத்தில் தேறிவிட்டேன். மிச்சம் சூட்டுச் சோதனை மட்டும்தான்.

எங்கள் ஊரில் துப்பாக்கி பார்க்காதவன் இல்லை. (பார்த்ததெல்லாம் குழாயின் வாய்ப் பக்கத்திலிருந்து. பின்பக்கத்தில் நின்ற அனுபவம் பூச்சியம்.) ஆனாலும் நாலைந்து வீடியோ பார்த்த தைரியத்தில், நாற்பத்தைந்து கலிபர் பிஸ்டலைப் பற்றி ரஜிதாவுக்கு வகுப்பே எடுத்தேன். அடுத்த ரவையை அதுவே ஏற்றிக்கொள்ளும், சுட்டால் பின்னுக்கு உதைக்கும் என்றெல்லாம் அளந்துகொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்த மாமா காதைத் தீட்டினார். அவர் ஆலோசனை சொல்லாத விஷயம் உலகத்தில் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

"உதைக்குமோ? அப்ப லேசு, தம்பி. பெரிய பாரை மீன் இழுத்தா என்ன செய்வீர்?"

"நூலை விட்டுக் குடுப்பன், மாமா."

"அதான். இறுக்கிப் பிடிச்சா கை அறும். அது போற போக்கில கையை விடும்."

இது எனக்குப் பெரிய அறிவாகப் பட்டது. பெண் கொடுக்கப்போகிறவர் சொன்னால் எதுதான் அறிவாகப் படாது!

சோதனை நாளில் மாமாவும் மோட்டார் சைக்கிளில் மீன்பெட்டியோடு வந்து வேலிக்கு வெளியே நின்றார். மருமகனாகப் போகிறவனின் வீரத்தைப் பார்த்துவிட்டு மீன் விற்கப் போகலாம் என்று எண்ணம். பயிற்சியாளர் ஓய்வுபெற்ற படைக்காரர். தெளிவாகத்தான் சொன்னார்: "ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடியுங்கோ. மணிக்கட்டு மடங்கக் கூடாது. முன்னுக்குச் சாஞ்சு நில்லுங்கோ."

"ஓம் சேர்" என்றேன். பிறகு வேலிப் பக்கம் பார்த்தேன். மாமா தன் விரல்களை மெல்ல விரித்துக் காட்டினார். நானும் பிடியைத் தளர்த்தினேன்.

சுட்டேன். பிஸ்டல் பாரையைப்போல் கீழே இழுக்கவில்லை, மேலே பாய்ந்தது. நான் பண்போடு வழிவிட்டேன். அது நேரே வந்து புருவத்தில் முட்டியது. ரவை மண் அணைக்குள் எங்கோ போனது. இலக்குப் பலகை புதிதாகவே இருந்தது.

இரத்தம் வழியக் குந்திவிட்டேன். பயிற்சியாளர் பிஸ்டலைப் பறித்துப் பார்த்தார். வெற்று ரவைக்கோது வெளியே விழாமல் மேலே சிக்கி, நட்ட முளைபோல் நின்றது.

"கை அசையாமல் நிண்டாத்தான் மேல்மூடி முழுக்கப் பின்னுக்குப் போய்க் கோதைத் தள்ளும். கையும் சேர்ந்து போனா இப்பிடித்தான் சிக்கும். இப்பிடிப் பிடிக்க ஆர் உங்களுக்குச் சொல்லித் தந்தது?"

அதற்குள் மாமா ஐஸோடு ஓடிவந்து என் நெற்றியில் அழுத்திக்கொண்டிருந்தார். அந்தக் கேள்வியில் அவர் கை அப்படியே நின்றது. வேலை போய்விட்டது. உண்மையைச் சொன்னால் பெண்ணும் போய்விடும். (பெருந்தன்மை என்று எழுதத்தான் ஆசை. பயம்தான்.)

"நானாத்தான் சேர்" என்றேன்.

மீன்வாடை அடிக்கும் ஐஸ் தண்ணீர் கண்ணுக்குள் இறங்கியது. மாமா என்னைப் பிடித்து வாசல் கேற்றடிவரை கூட்டிவந்தார். அங்கே நின்று, நிலத்தைப் பார்த்தபடி, "கலியாணத்தை ஆவணியில வைப்பம்" என்றார். எனக்கு வலியே மறந்துபோனது.

ஆவணிக்கு முன்னரே, மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் ஆலையில் மாசச் சம்பளத்துக்கு ஒரு வேலையும் பிடித்துத் தந்தார். கல்யாணப் படத்தில் என் புருவத்துக்கு மேலே சந்தனம் தடிப்பாக இருக்கும். மாமாவும் நானும் கட்டிக்காத்த ரகசியத்தை ரஜிதா ஒரே கிழமையில் கறந்துவிட்டாள்.

மாமா மட்டும் திருந்தவில்லை. போன மாதம் கூரைக்குத் தண்ணீர்த் தொட்டி ஏற்ற நின்றோம். "மருமகன், இது லேசு. நான் சொல்லுறதைக் கேளும்" என்று தொடங்கினார். ரஜிதா எழும்பிக் குசினிக்குப் போய், ஒரு கிண்ணம் ஐஸ் எடுத்துவந்து என் பக்கத்தில் வைத்தாள்.