மூன்றரைப் பவுன் ஸ்பூன்

அன்றைக்கு எனக்கு இருந்தது ஒரே வேலை. மலிவான ஒரு தூண்டில் கம்பு வாங்க வேண்டும்.

எண்பதுகளின் நடுவில், பத்தாங் பெர்ஜுந்தாய்க்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பள்ளியில் நான் ஆசிரியர். ஈயம் தோண்டிவிட்டுப் போன பழைய குட்டைகளில் தோமான் மீன் உண்டு. தொடைப் பருமன் உடம்பு, நாய்ப் பல். அது புழுவையெல்லாம் மதிக்காது. அதற்கு ஸ்பூன் வீச வேண்டும். ஸ்பூன் என்றால் பிடி இல்லாத கரண்டி போல ஒரு பித்தளைத் தகடு, வாலில் மூன்று முனைக் கொக்கி. வீசி இழுத்தால் தண்ணீருக்குள் குட்டி மீன் மாதிரித் துடிக்கும்.

என்னிடம் இருந்த ஸ்பூன் நல்ல கனம். அதை வீசப் போய்த்தான் பழைய கம்பு இரண்டாக முறிந்தது.

புதுக் கம்புக்கு ஒரு தடை. சபாக்கில் நடக்கப்போகும் தன் தங்கை கல்யாணத்துக்கு என் மனைவி சரோஜா ஒரு செயின் கேட்டிருந்தாள். "இப்ப முடியாது" என்று நான் சொல்லி ஒரு வாரம்கூட ஆகவில்லை. இந்த நேரத்தில் கம்போடு வீட்டுக்குள் நுழைய எனக்குத் தைரியம் இல்லை. எனக்கு வரலாறு தெரியும். தேவையில்லாமல் போரைத் தொடங்கியவர்கள் யாரும் நன்றாக இருந்ததில்லை.

ஆகவே, "முடி வெட்டிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பக்கத்து ஊரில் வாங்கினால் நான் வீடு சேர்வதற்குள் தோட்டத்து வீட்டு வரிசையான லயம் முழுக்கச் செய்தி போய்விடும். அதனால் பஸ் ஏறிக் கோலசிலாங்கூருக்கே போனேன். அங்கே என்னை யாருக்குத் தெரியும்?

சீனர் கடையில் முதலாளி, அதாவது தவுக்கே, இரண்டு கம்புகளை எடுத்துப் போட்டார். தோட்டத்து ஆட்களிடம் வியாபாரம் செய்து பழகிய தமிழ் அவருக்கு.

"சார், ரெண்டும் ஒரே வெல லா. எது புடிக்குதோ அத எடு."

இந்த இடத்தில் எடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கைப்பிடிக்கு மேலே பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தேன். ஒரு கம்பு அரை அவுன்ஸ் முதல் ஒரு அவுன்ஸ் வரை வீசுமாம். மற்றது ஒன்று முதல் இரண்டு வரை. கம்புக்கு மீறிய கனத்தைக் கட்டினால் முறியும், குறைந்த கனத்தைக் கட்டினால் பறக்காது என்று நான் நூலகத்தில் ஒரு புத்தகத்தில் படித்திருந்தேன். படித்ததை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

சட்டைப்பையிலிருந்து ஸ்பூனை எடுத்து நீட்டினேன். "தவுக்கே, இது எவ்வளவு கனம்?"

உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். "கனம் லா."

"கனம்னா அது ஓர் அளவு இல்லையே!"

"அப்ப ரொம்ப கனம் லா."

அவருடைய தராசில் போட்டோம். சீனி மூட்டை நிறுக்கிற தராசு. முள் அசையவே இல்லை. தபால் நிலையத்துக்கு ஓடினேன். சனிக்கிழமை மதியம், சாத்திவிட்டார்கள். திரும்பும் வழியில்தான் அந்த நகைக்கடை கண்ணில் பட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சின்னத் தராசு. அரிசி மணியைக்கூட நிறுக்கும் போலிருந்தது.

என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு உள்ளே போனேன்.

பத்தர் ஸ்பூனை வாங்கினார். திருப்பினார். லேசாக உரசினார். பிறகு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"யாருங்கய்யா உங்கள ஏமாத்துனது? இது பித்தளை."

"பித்தளைன்னு தெரியும், பத்தரே. எடை மட்டும் பாருங்க."

"கொக்கி வேற இருக்கே?"

"கொக்கியோட சேத்துப் பாருங்க."

அவர் என்ன நினைத்தாரோ, தட்டில் வைத்தார். "இருபத்தெட்டு கிராம். மூணரைப் பவுன்."

"அவுன்ஸ்ல?"

"ஒரு அவுன்ஸுக்குக் கொஞ்சம் கொறச்சல்."

"அது தங்க அவுன்ஸ், பத்தரே! முப்பத்தோரு கிராம். நான் கேக்கறது சாதா அவுன்ஸ். அது இருபத்தெட்டுதான்."

"எங்க கடையில ஒரே அவுன்ஸ்தான், ஐயா."

விட்டுவிட்டு வந்திருக்கலாம். நான் விடவில்லை. அவுன்ஸ் எப்படி இரண்டானது என்று ரோமாபுரியிலிருந்து ஆரம்பித்தேன். பள்ளிக்கூடத்துக் குரல் எனக்கு. கடைசிப் பெஞ்சு வரை கேட்கும்.

"மூணரைப் பவுன் சரிதானே? நல்லாப் பாத்துச் சொல்லுங்க! மூணரை! குறையக்கூடாது!"

"மூணரை, மூணரை" என்று பத்தர் கும்பிடாத குறையாகச் சொன்னார். கொக்கி பையைக் கிழிக்குமே என்று, பழக்கதோஷத்தில் ஸ்பூனை நகை மடிக்கும் ரோஸ் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

வாங்கிக்கொண்டு திரும்புகிறேன், வாசலில் லெட்சுமி அக்கா! எங்கள் தோட்டத்தில் வேலையாட்களை மேய்க்கும் மண்டோரின் மனைவி. எனக்குப் பக்கத்து வீடு. தோடு திருகாணியை மாற்ற வந்தவர், வாயைப் பிளந்து நிற்கிறார்.

என் மனமெல்லாம் தூண்டில். "அக்கா, என்னைய இங்க பாத்ததா சரோஜாகிட்டச் சொல்லிடாதீங்க" என்றேன்.

அக்காவின் முகம் மலர்ந்தது. "ஐயோ, மூச்சு விடுவேனா, சார்!"

நல்ல பெண்மணி என்று நினைத்துக்கொண்டேன்.

தவுக்கேயிடம் திரும்பினேன். சரியாக ஒரு அவுன்ஸ் என்றால் என்ன அர்த்தம்? இரண்டு கம்புமே பொருந்தும் என்று அர்த்தம். இவ்வளவு அலைந்துவிட்டுக் கடைசியில் நிறத்தைப் பார்த்து எடுத்தேன். பச்சை.

பொழுது சாய வீடு வந்தேன். கம்பைப் பின்பக்கம் கோழிக்கூட்டின் மேல் ஒளித்துவிட்டு, முன்வாசல் வழியாக அப்பாவி முகத்தோடு நுழைந்தேன். வெட்டாத முடியோடு என்பது அப்போதுதான் உறைத்தது.

சரோஜா முடியைப் பற்றிக் கேட்கவில்லை. புதுப் புடவை கட்டியிருந்தாள். தலையில் பூ. அடுப்பில் கேசரி மணம். கூடத்தில் ஏழெட்டுப் பெண்கள், நடுவில் லெட்சுமி அக்கா.

"வாங்க" என்றாள் சரோஜா. கல்யாணமான புதிதில் கேட்ட குரல்.

"சார், காட்டுங்க சார்!" என்றது ஒரு குரல்.

"எத?"

"நடிக்கிறாரு பாருடி!"

நான் லெட்சுமி அக்காவைப் பார்த்தேன். "நான் எதையும் சொல்லல, சார்" என்றார் அவர். "மூணரைன்னு மட்டும்தான் சொன்னேன்."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. செயின் இல்லை என்றால், நகைக்கடையில் என்ன வேலை என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் கம்பைச் சொல்ல வேண்டும். அதுவும் கேசரி கிண்டிவிட்ட பிறகு, ஏழெட்டுப் பேர் முன்னால், பூ வைத்துக்கொண்டு நிற்கிறவளிடம். நான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் சரோஜா என் சட்டைப்பையிலிருந்து ரோஸ் பொட்டலத்தை எடுத்துவிட்டாள். "சாமிகிட்ட வச்சிட்டுக் காட்டுறேன்" என்று முருகன் படத்தின் முன் போய்ப் பிரித்தாள். பெண்களுக்கு அவள் முதுகு மட்டும் தெரிந்தது. பக்கவாட்டில் நின்ற எனக்கு முகம் தெரிந்தது.

அவள் ஸ்பூனைப் பார்த்தாள். கொக்கியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

பிறகு நிதானமாக மடித்து முருகன் காலடியில் வைத்தாள். அதன் மேல் ஒரு சிட்டிகை விபூதி. திரும்பினாள்.

"இது வெறும் மாதிரிதான்க்கா. செயினு பத்தர்கிட்ட இருக்கு. கல்யாணத்துக்குள்ள முடிச்சித் தர்றேன்னிருக்காராம்." என் பக்கம் திரும்பினாள். "அப்படித்தானே?"

"அப்படித்தான்" என்றேன்.

"மூணரைதானே?"

"மூணரைதான்."

பெண்கள் கேசரி தின்று, என்னை அவரவர் புருஷனோடு ஒப்பிட்டுப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள். கடைசி ஆள் படி இறங்கியதும் சரோஜா கேட்டாள்.

"எங்க வச்சிருக்கீங்க?"

"எத?"

"இதோட கம்ப."

"கோழிக்கூட்டு மேல."

"போய் எடுத்துட்டு வாங்க. மழ வரப்போவுது. பாவம், காசு போட்டு வாங்கினது."

செயின் வந்தது. பத்தர் என்னைப் பார்த்ததும் தராசைத் தானாகவே எடுத்து வைத்தார். சபாக் கல்யாணத்தில் எல்லோரும் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அதுவரை ஸ்பூன் முருகனிடமே இருந்தது. எடுத்தால் லெட்சுமி அக்கா கேட்பார். கம்பு அறை மூலையில் சும்மா நின்றது. தோமான்கள் அந்த வருஷம் நிம்மதியாகக் குஞ்சு பொரித்தன.

மலிவாகத் தூண்டில் வாங்க நினைப்பவர்களுக்கு என் யோசனை: முதலில் வீட்டில் சொல்லிவிட்டுத் திட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அதைவிட மலிவு வேறெதுவும் இல்லை.