ஈயம் பிளவுபடவில்லை

அணுவின் நடத்தையைத் திருத்தி எழுதிய அந்தச் சரித்திரக் கூட்டம் ஆய்வகத்திலேயே நடந்தது. வந்திருந்தோர்: இயக்குநர், அவருடைய மைத்துனரான துணை இயக்குநர், கூட்டக் குறிப்பு எழுத நிர்வாக அதிகாரி, ஒரு தட்டு பிஸ்கட், பிறகு கடைசி நாற்காலியில் ஒப்பந்தம் அன்றோடு முடியவிருந்த பெண் ஆய்வாளர்.

அவள் செய்த குற்றம் சிறியது. அசுர வேகத்தில் பாயும் புரோட்டான்களை ஈயத் தகட்டின்மேல் ஏவினாள். அடிவாங்கிய ஈய அணுக்கருக்களில் சில சூடேறி இரண்டாகப் பிளந்தன. துண்டுகள் பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் தாளில் தடம் கீறிவிட்டுப் போயின. அந்தத் தடங்களை நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனவள், அறிக்கைக்குக் 'கன அணுக்கருக்களின் பிளவு' என்று தலைப்பு வைத்தாள். அறிக்கை ஏற்கப்பட்டால் வேலை நீளும். இல்லாவிட்டால் ஆய்வகச் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

இயக்குநர் ஒற்றுமையின் திருவுருவம். கருத்து வேறுபாடு வந்துவிடக் கூடாதே என்றுதான் எல்லா முடிவுகளையும் அவர் ஒருவரே எடுத்துவந்தார்.

"பிளவுங்கிற வார்த்தை வேண்டாம்மா. மேலிடத்துல, நம்ம நிறுவனத்துல பிளவுன்னு படிப்பாங்க."

"பிளவு ஈயத்துலதான் சார்."

"ஈயமும் நம்ம ஈயம்தானே."

மறுக்க முடியாத வாதம். காலையில் வாசலில் செருப்பு மாட்டும்போது, எதுவும் பேசாமல் தலையாட்டிவிட்டு வா என்று கணவன் சொல்லியனுப்பியிருந்தான். தலையாட்டினாள். வேறு சொல் எதுவானாலும் போட்டுவிடுவதாகச் சொன்னாள்.

இயக்குநர் கண்ணை மூடி யோசித்து, 'சுமுகமான பிரிவு' என்று அருளினார்.

துணை இயக்குநர் கடித்த பிஸ்கட்டைக் கீழே வைத்தார். அவருடைய பணிக்காலத்தில் இப்படி நடந்ததே இல்லை.

"பிரிவுன்னா எங்க அக்கா உங்களை விட்டுப் போன மாதிரி இருக்கு, அத்தான். 'பரஸ்பர விலகல்'னு போடுங்க."

"அவ ஒண்ணும் போகல. ஓய்வெடுக்கப் போயிருக்கா."

"ரெண்டு வருஷமாவா?"

அதன்பின் நடந்தது முழுக்க அறிவியல் விவாதம். மாமனார் வீட்டுக் கட்டிலிலிருந்து பதவி உயர்வுவரை எல்லாம் அலசப்பட்டன. அறை சூடேறியது. மாலைக்குள் 'சுமுகப் பிரிவு ஆய்வகம்' இயக்குநருக்கும் 'பரஸ்பர விலகல் மையம்' மைத்துனருக்கும் என்றாயின. நுண்ணோக்கி இந்தப் பக்கம் வந்தது, அதில் வைத்துப் பார்க்க வேண்டிய தாள்கள் அந்தப் பக்கம் போயின. 'கூட்டம் ஒருமனதாக இரண்டாயிற்று' என்று நிர்வாக அதிகாரி குறித்துக்கொண்டார்.

அவள் தன் வேலையைப் பற்றிக் கேட்டாள். இயக்குநர் மைத்துனரைக் கைகாட்டினார். மைத்துனர் அத்தானைக் கைகாட்டினார். அதிகாரிதான் பெரிய மனசு பண்ணி விளக்கினார்.

"நீங்க எந்தப் பக்கமும் ஒட்டலையேம்மா. சாவியைக் குடுத்துடுங்க."

கொடுத்தாள்.

"கரு பிளக்கும்போது ரெண்டு பெரிய துண்டு மட்டும் வராது சார். கொஞ்சம் நியூட்ரானும் தெறிச்சு வெளியே போயிடும். அதுங்க போன தடம் அந்தத் தாள்ல விழாது."

"அப்ப நான் எழுத வேண்டியதில்லைல்ல?" என்று நிம்மதியாகக் கேட்டார் அதிகாரி. குறிப்பின் கடைசி வரியை அவள் கண்ணெதிரிலேயே முடித்தார்: 'ஈயம் பிளவுபடவில்லை. யாரும் வெளியேறவில்லை.'

பிறகு அவளை வெளியே அனுப்பி, கதவைச் சாத்தி, அவளுடைய சாவியாலேயே பூட்டினார்.