இத்தாலியில் நடந்ததைப் பழனிக்கு ஈடாக ஏற்கக் கோரி

திண்டுக்கல்,
கார்த்திகை மாதம்.

செம்பட்டி பாதயாத்திரைக் குழுவின் தலைவரும் என் மனைவியின் தம்பியுமான அன்பு பாக்கியராஜ் அவர்களுக்கு, மச்சான் முத்துச்சாமி எழுதுவது. இங்கு நலம். தாங்களும் பிள்ளைகளும் தென்னந்தோப்பும் நலமாக இருக்க வேண்டுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் உங்கள் அக்கா சிவனம்மாள் பாதியில் பிடுங்கிப் பேசிவிடுவாள். அவள் நிலக்கோட்டைக்கு ஒரு கல்யாணத்திற்குப் போயிருக்கும் நேரம் பார்த்து எழுதுகிறேன்.

எனக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது, பார்வை நல்லபடியாகத் திரும்பினால் நான் பழனிக்கு நடந்து வருவேன் என்று அவள் முருகனிடம் சொல்லிவிட்டாள். வேண்டிக்கொண்டவள் அவள், நடக்க வேண்டியவன் நான். அதிலிருந்து தை பிறந்தால் எனக்குக் காய்ச்சல் வந்துவிடுகிறது. நடிப்பல்ல, தெர்மாமீட்டரே சாட்சி. இந்த ஆண்டும் குழுவில் என் பெயரைச் சேர்த்திருக்கிறீர்களாம். அதை அடித்துவிடலாமே என்பதுதான் என் தாழ்மையான கோரிக்கை. காரணம் சொல்கிறேன்.

ஐப்பசியில் மகள் அறிவுச்செல்வியைப் பார்க்க இத்தாலிக்குப் போயிருந்தோம் அல்லவா, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் எங்களை மான்ட்டரோசோ என்ற கடற்கரை ஊருக்கு அழைத்துப் போனாள். அங்கிருந்து வெர்னாட்சா என்ற அடுத்த பழைய ஊருக்குக் கடலை ஒட்டிய மலைச்சரிவில் ஒற்றையடிப் பாதை போகிறது. ரயிலும் போகிறது என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன், யார் காதிலும் விழவில்லை. கல்படிகள் ஒன்றுக்கொன்று உயரம் ஒத்துப்போகாதவை. ஒரு பக்கம் திராட்சைத் தோட்டம், மறுபக்கம் நேராகக் கடல். முன்னும் பின்னும் ஊர்ப்பட்ட கூட்டம். உங்கள் அக்கா அதைப் பார்த்துவிட்டு, "இம்புட்டுப் பேரு வேர்த்து விறுவிறுத்து ஏறுறாக, மேல சாமி இல்லாமயா?" என்றபடி, மகள் வாங்கித்தந்த புது ஷூவைக் கழற்றி என் கழுத்தில் மாட்டிவிட்டு வெறுங்காலோடு ஏறத் தொடங்கினாள்.

வழியில் ஒருவர் எலுமிச்சை ஜூஸ் விற்றுக்கொண்டிருந்தார். நம் செம்பட்டி ரோட்டு நீர்மோர்ப் பந்தல் போல என்று நினைத்து அவள் வாங்கிக் குடித்துவிட்டு, "நல்லாருப்பே அப்பு" என்று அவர் நெற்றியில் விபூதியும் பூசிவிட்டு நடையைக் கட்டினாள். பின்னால் வந்த செல்விதான் காசு கொடுத்தாள். அந்த மனிதர் விபூதியைத் துடைக்காமலேயே எனக்கு ஒரு டம்ளர் சும்மா கொடுத்தார். நான் ஒரு குறுகலான இடத்தில் ஒதுங்கி எல்லாருக்கும் வழிவிட்டு நின்றேன். நெடுநேரம் நின்றதாலோ வெள்ளைச் சட்டையாலோ தெரியவில்லை, ஒருவர் அந்தப் பாதையில் நடக்க வாங்கிய தம் சீட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். மறுக்கக் கூச்சமாக இருந்தது. பரீட்சை ஹாலில் காலமெல்லாம் ஹால் டிக்கெட் பார்த்த வாத்தியார் அல்லவா, தேதி பார்த்துத் தலையசைத்தேன். அதைப் பார்த்து ஒரு வரிசையே நின்றுவிட்டது. செல்வி வந்து, "அப்பா, வாங்கப்பா" என்று இழுத்துப் போனாள்.

அதற்கு மேல்தான் சோதனை. ஒரு படியில் கால் வழுக்கிவிட்டது. உங்கள் அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். திட்டுகிறாள் என்று இருந்துவிட்டேன். திரும்பிவிடலாம், இது முருகன் மலையும் அல்ல என்றேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், இதுதான் முக்கியம்: "குன்று இருக்குற எடமெல்லாம் அவரு இருப்பாருங்க. திரும்பாம வாங்க."

திரும்பாமல் போனேன். ஒரு வளைவில், கீழே மணிக்கோபுரமும் மஞ்சளும் ரோஸுமாக வீடுகளும் படகுகளும் தெரிந்தன. அந்த ஊருக்கு இறங்கிப் போய்க் கடலில் கால் நனைத்து உட்கார்ந்தேன். அவ்வளவு நிறைவாக நான் உட்கார்ந்து வெகுகாலமாகிறது.

ஆக, குன்று இருந்தது. உங்கள் அக்கா வாக்குப்படி அவரும் இருந்தார். நான் நடந்தேன். நேர்த்திக்கடன் தீர்ந்தது என்று எனக்குப் படுகிறது. தவறாகவும் இருக்கலாம், தாங்கள்தான் சொல்லவேண்டும்.

முருகன் அருளால் உங்கள் தோப்பில் குலை குலையாய்க் காய்க்கட்டும். பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
முத்துச்சாமி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உங்கள் அக்கா வந்து படித்துவிட்டாள். கோபிக்கவில்லை. "குன்றெல்லாம் அவருதான். அதான் நீங்க வழுக்குனப்ப அங்கனயே கேட்டுக்கிட்டேன், இவர காப்பாத்து, காவடியும் எடுத்துட்டு வருவாருன்னு" என்கிறாள். ஆகவே பெயரை அடிக்க வேண்டாம். காவடி ஒன்றுக்கும் சொல்லிவையுங்கள். இந்தத் தையில் காய்ச்சல் வரும் என்று எனக்கும் தோன்றவில்லை.