முப்பது மடங்கு

இன்னும் முந்நூற்று அறுபது வெள்ளி தேவைப்பட்டது.

தர்மேந்திரன் கைப்பேசியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது. தேயிலைத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாகக் கணக்கு எழுதும் கிராணி வேலை பார்ப்பவர் அவர். துடைத்தால் தொகை கூடாது என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் துடைத்தார்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஈப்போவில் இருக்கும் அக்கா மகன் குகன்தான் ஆன்லைன் போக்கரைச் சொல்லிக் கொடுத்தான். சீட்டு விளையாட்டைவிட முக்கியமாக ஒரு விதியையும் சொல்லிக் கொடுத்தான். ஒரு மேசையில் உட்கார எவ்வளவு வேண்டுமோ, அதைப் போல முப்பது மடங்கு கைமுதல் இருந்தால்தான் அந்த மேசைக்குப் போகலாம். குறைந்துவிட்டால் வெட்கப்படாமல் கீழ் மேசைக்கு இறங்கிவிட வேண்டும்.

போனஸில் எடுத்து வைத்த முந்நூறு வெள்ளியோடு பத்து வெள்ளி மேசையில் தொடங்கியவர், இருபத்தைந்தைத் தாண்டி, இப்போது ஐம்பதில் நின்றார். அடுத்தது நூறு. அதற்கு மூவாயிரம் வேண்டும்.

தொழிற்சாலைக்குள், கொழுந்து வாட்டும் மாடியின் கடைசி ஜன்னலில் மட்டும்தான் கைப்பேசிக்கு லைன் கிடைக்கும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே போய் நின்று குகனைக் கூப்பிட்டார்.

"மாமா, அவசரப்படாதீங்க. இதே மாதிரி போனா ரெண்டு வாரந்தான்" என்றான் அவன்.

"சரிப்பா. நீ ரெண்டு வாரம்னு சொன்னா ரெண்டு வாரம். இப்ப மூணாவது ஸ்டேஜ். நாலாவது ஸ்டேஜ் வந்துட்டா நான் வேற ஆளு."

"அத்தைக்குத் தெரியுமா?"

"சீதாவுக்கா? மூச்சு விடல. தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவா."

கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பினார். கொழுந்துத் தொட்டிக்குப் பக்கத்தில் கூட்டுகிற முனியாண்டி, துடைப்பத்தைப் பிடித்தபடி வாயைத் திறந்து நின்றுகொண்டிருந்தான்.

சூதாடுகிற கிராணி என்று பெயர் வந்தால் வேலை போய்விடும். எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போய்விடும்.

"முனியாண்டி, எல்லாம் கேட்டியா?"

"கேட்டேண்ணே."

"யார்கிட்டயும் சொல்லிடாதே. உன்னைக் கும்பிட்டுக் கேக்குறேன்."

"சத்தியமா சொல்லமாட்டேண்ணே" என்ற முனியாண்டி துடைப்பத்தைக் கீழே போட்டான். பிறகு, "அண்ணே, நாலு வருசத்துக்கு முந்தி உங்க கறுப்புக் கோழி காணாமப் போச்சே, அத நாந்தாண்ணே புடிச்சேன். மன்னிச்சிருங்க" என்று சொல்லிவிட்டு அழுதுகொண்டே படியிறங்கிப் போனான்.

போக்கருக்கும் கறுப்புக் கோழிக்கும் என்ன சம்பந்தம் என்று தர்மேந்திரனுக்கு விளங்கவில்லை.

மறுநாள் காலைக்குள் எஸ்டேட் முழுக்கத் தெரிந்துவிட்டது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அவர் நடந்தால் பேச்சு நின்றது. எடை போடுகிற இடத்தில் எப்போதும் "என்னா கிராணி, எடை குறையுது" என்று சண்டைக்கு வரும் ஜெயா, அன்றைக்கு மூட்டையை வைத்துவிட்டு, "நீங்க எழுதுறதுதான் எடை. பரவால்ல" என்றாள். அவருக்குப் பயம் இன்னும் கூடியது.

பத்து மணிக்கு மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். புவனேஸ் சின்ன வயதுக்காரர்தான். ஆனாலும் எஸ்டேட் வழக்கத்தில் அவரும் துரைதான். தர்மேந்திரன் உள்ளே போகும்போதே ஒப்புக்கொண்டு விடுவது என்று முடிவு செய்திருந்தார். மறைத்தால்தான் பெரிய குற்றம்.

"உக்காருங்க" என்றார் துரை. தர்மேந்திரனை அவர் உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. "கேள்விப்பட்டேன். உண்மையா?"

"உண்மைதான் துரை."

"எவ்வளவு நாளா?"

"எட்டு மாசமா."

"எட்டு மாசமா யார்கிட்டயும் சொல்லாம வேலைக்கும் வந்துட்டு இருந்தீங்களா?" துரை கண்ணாடியைக் கழற்றினார். "ரொம்பக் கஷ்டமா இருக்கா?"

"ஆரம்பத்துல இருந்துச்சு துரை. ராத்திரில தூக்கம் வராது. இப்ப பழகிடுச்சு."

"குடும்பத்துல வேற யாருக்காவது இருந்திருக்கா?"

தர்மேந்திரன் தலையைக் குனிந்தார். இதையும் மறைப்பானேன்? "எங்க அப்பாவுக்கு இருந்துச்சு. அதுலதான் அவரு அழிஞ்சாரு."

துரை எழுந்து ஜன்னலுக்குப் போய்த் தேயிலைச் சரிவைப் பார்த்தபடி நின்றார். "யார் உங்களைப் பாக்குறாங்க?"

"ஈப்போல குகன்னு ஒருத்தன். சொந்தக்காரன்தான். அவன்தான் பாத்துச் சொல்றான்."

"அவர் என்ன சொல்றார்?"

"ரெண்டு வாரம்னு சொல்றான் துரை."

"இன்னொருத்தர்கிட்டயும் கேட்டுப் பாக்கலாமே?"

"வேணாம் துரை. ரெண்டு பேருகிட்ட கேட்டா குழப்பந்தான். குகன் இதுல ஊறினவன். அவன் சொன்னது இதுவரைக்கும் தப்பினதில்ல."

துரை வந்து அவர் தோளில் கை வைத்தார். "ரெண்டு வாரம் லீவு எடுத்துக்குங்க. சம்பளத்தோட. உங்க இஷ்டப்படி இருங்க, மிஸ்டர் தர்மேந்திரன்."

வெளியே வந்த தர்மேந்திரன் படிக்கட்டிலேயே நின்றுவிட்டார். சூதாடினால் வேலையை விட்டுத் துரத்துவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறார். சம்பளத்தோடு லீவு கொடுத்து விளையாடச் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டதில்லை. உலகம் மாறித்தான் போய்விட்டது.

வீட்டில் சீதாவின் கண்கள் வீங்கியிருந்தன. அடுப்பில் ஆட்டுக்கறி கொதித்தது. மாதக் கடைசியில் ஆட்டுக்கறி.

"உனக்கும் தெரிஞ்சிருச்சா?" என்றார் மெதுவாக.

"தெரியுங்க."

"கோவமா?"

"உங்கமேல எதுக்குக் கோவப்படணும்? நீங்க என்ன பண்ணுவீங்க?"

இதைவிட அவள் திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றியது. "சீதா, நான் அளவோடதான் இருக்கேன். வீட்டுக் காசைத் தொடல. நீ வேணாம்னா இன்னைக்கே நிறுத்திடறேன்."

"நிறுத்துறது நம்ம கையிலயா இருக்கு?" என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

இத்தனை சுலபமாகச் சம்மதம் கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் எட்டு மாதம் கொழுந்து மாடியில் ஒளிந்து நின்றிருக்க மாட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் கோவில் தலைவர் சாமிநாதன் வந்தார். தானா ராத்தா டவுனில் காய்கறிக் கடை வைத்திருப்பவர். கணக்குப் பார்க்காமல் ஒரு தக்காளிகூடக் கொடுக்கமாட்டார். அவர் ஒரு தடித்த உறையை மேசைமேல் வைத்தார்.

"எஸ்டேட் சனங்க சேர்த்தது. ரெண்டாயிரத்து முந்நூறு. யாரு எவ்வளவுன்னு உள்ள லிஸ்ட் இருக்கு. மறுக்காதே."

"தலைவரே, எல்லாரும் எனக்காகவா?"

"உனக்காகத்தான்லா. வேற யாருக்கு?"

"லாபம் வந்தா பங்கு..."

"பங்கா? இந்த நேரத்துலயும் உனக்குக் கணக்குத்தானா?"

"சரி, ஒருவேளை எல்லாமே போயிடுச்சுன்னா?"

சாமிநாதன் குரல் கம்மியது. "போனா போகுதுப்பா. நாங்களும் எங்களால முடிஞ்சதைச் செஞ்சோம்னு ஒரு நிம்மதி இருக்கும்."

அவர் போன பிறகு தர்மேந்திரன் வெகுநேரம் அந்த உறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தொன்பது வருடத்தில் அவரை நம்பி யாரும் ஒரு குடைகூடக் கொடுத்ததில்லை. எடையைக் குறைத்து எழுதுகிறவன் என்றுதான் பேச்சு. இப்போது கொழுந்து பறிக்கிறவர்களும், லோரி ஓட்டுகிறவர்களும் தன் ஆட்டத்தை நம்பி வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசைக் கொடுத்திருக்கிறார்கள். லிஸ்டில் முனியாண்டி பேருக்கு நேரே ஐம்பது வெள்ளி இருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

கைமுதல் நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது. நூறு வெள்ளி மேசைக்குத் தாராளம்.

மறுநாள் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வீட்டு வைஃபையில் காலையிலேயே ஆட உட்கார்ந்தார். நூறு வெள்ளி மேசை ஐம்பது மாதிரி இல்லை. எதிரே இருந்தவர்கள் யோசிக்காமல் அள்ளிப் போட்டார்கள். முதல் நாளே எழுநூறு போனது. இரண்டாம் நாள் அறுநூறு.

"ஐயோ... போச்சே... போச்சே..." என்று தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

வெளியே பொத்தென்று ஏதோ விழுந்தது. கதவைத் திறந்தார். சீதா தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கஞ்சிப் பாத்திரம் உருண்டு கிடந்தது.

"ரொம்ப முடியலையாங்க?"

"முடியலதான். ஆனா தாங்கிக்குவேன். எதுக்குக் கஞ்சி? கறி மிச்சம் இல்லையா?"

அவள் ஓவென்று அழுதாள். கறி தீர்ந்துபோனதற்கு இப்படி அழ வேண்டுமா என்று அவர் குழம்பினார்.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுத் திலகா ஏழெட்டுப் பெண்களோடு வந்து முன்னறையில் தேவாரம் பாட ஆரம்பித்தாள். தர்மேந்திரன் கதவு இடுக்கில் தலையை நீட்டினார்.

"திலகா, பாடுங்க, வேணாங்கல. கொஞ்சம் மெதுவாப் பாடுங்க. முக்கியமான கட்டத்துல கவனம் செதறுது."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு குரலைத் தணித்தார்கள். அன்றைக்கும் எழுநூற்று நாற்பது போனது. மிச்சம் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். முப்பது மடங்குக்கு நூறு வெள்ளி குறைவு.

விதி என்றால் விதி. வாசலுக்கு வந்து, லைன் சரியாகக் கிடைக்காததால் குகனிடம் கத்திச் சொன்னார். "கொஞ்சங்கொஞ்சமா எறங்கிட்டு இருக்கேன்பா! இனிமே தாங்காது!"

மதிலோரம் நின்றிருந்த மூன்று பேர் தொப்பியைக் கழற்றினார்கள். எதற்கு என்று கேட்க நினைத்தார். அதற்குள் லைன் அறுந்துவிட்டது.

ஐம்பது வெள்ளி மேசைக்கு இறங்கியதும் கை தெளிந்தது. பொறுமையாக விளையாடினார். நல்ல சீட்டு இல்லாவிட்டால் அந்த ஆட்டத்தை விட்டுவிட்டார். மூவாயிரத்து ஐந்நூறு வந்ததும் நூறுக்கு ஏறினார். இந்தத் தடவை அந்த அள்ளிப் போடுகிறவர்களின் பழக்கம் பிடிபட்டது. அவர்கள் ஆத்திரத்தில் போடுகிறார்கள். இவருக்கு ஆத்திரமே வரவில்லை. ஒரு எஸ்டேட்டே பின்னால் நிற்கிறபோது ஆத்திரம் எதற்கு?

இரண்டாவது சனிக்கிழமை மத்தியானம் கைமுதல் ஆறாயிரத்து நானூற்று இருபது ஆனது. இருநூறு வெள்ளி மேசைக்கே போகலாம். ஒரு நிமிடம் ஆசைப்பட்டார். பிறகு அந்த லிஸ்டை எடுத்து விரித்து, பேனாவைத் திறந்தார். ஆயிரத்து நானூற்று எண்பது லாபம். சனங்களின் பங்கு, அவர்கள் போட்ட வெள்ளிக்கு முப்பது சென் வீதம் சரியாக வந்தது. கொடுத்த பிறகும் தன்னிடம் மூவாயிரத்துக்கு மேல் இருக்கும். விதியும் கெடாது.

பணத்தை எடுத்துவந்து உறைகளில் போட்டுவிட்டு, சாமிநாதனுக்குப் போன் செய்தார்.

"தலைவரே, நாளைக் காலையில பூசை முடிஞ்சதும் எல்லாரையும் கோவில் மண்டபத்துக்கு வரச் சொல்லுங்க. எல்லார்கிட்டயும் நேருல ஒரு வார்த்தை சொல்லணும்."

"கண்டிப்பா வருவாங்கப்பா" என்றார் சாமிநாதன்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. துரைகூட வந்திருந்தார். பெரும்பாலும் எல்லாரும் வெள்ளை உடுத்தியிருந்தார்கள். கதவோரம், திரிங்காப் ஊரில் பூ வியாபாரம் செய்யும் நவமணி நின்றிருந்தார். அவருடைய லோரி வெளியே தார்ப்பாய் மூடி நின்றது. சீதா முன்வரிசையில் இரண்டு பெண்கள் தாங்கிப் பிடிக்க உட்கார்ந்திருந்தாள்.

இத்தனை பேர் தன் ஆட்டத்தின் முடிவைக் கேட்க வந்திருக்கிறார்கள் என்றதும் தர்மேந்திரன் எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டார்.

"எனக்குப் பேசத் தெரியாது. நீங்க எல்லாரும் என் பின்னால நின்னீங்க. நடுவுல மூணு நாள் ரொம்ப மோசமாப் போச்சு. என் கதை முடிஞ்சுதுன்னே நெனச்சேன். ஆனா மீண்டு வந்துட்டேன்."

மண்டபத்தில் ஒரு சலசலப்பு.

"நாலாவது ஸ்டேஜும் தாண்டியாச்சு. நாளைக்கு வேலைக்கு வர்றேன். இந்தாங்க, நீங்க குடுத்த காசு. வெள்ளிக்கு முப்பது சென் மேல வச்சிருக்கேன்."

முதல் உறையை முனியாண்டியிடம் நீட்டினார். முனியாண்டி வாங்கிப் பிரித்தான். ஐம்பதுக்கு அறுபத்தைந்து. அவன் உறையையும் தர்மேந்திரனையும் மாறி மாறிப் பார்த்தான். சாமிநாதன் துரையைப் பார்த்தார். துரை கூரையைப் பார்த்தார். சீதா தாங்கிப் பிடித்த கைகளை உதறிவிட்டு எழுந்து நின்றாள். யாரும் கைதட்டவில்லை.

"என்ன, கணக்குத் தப்பா?" என்றார் தர்மேந்திரன் குழப்பத்தோடு.

கதவோரத்திலிருந்து நவமணி தொண்டையைச் செருமினார்.

"கணக்கெல்லாம் சரிதான் கிராணி, நல்லா இருங்க... ஆனா உங்களுக்குன்னு ரிங்லெட் டவுன்ல வாங்கி லோரில ஏத்திக் கொண்டாந்திருக்கேனே சவப்பெட்டி, அத இப்ப யாருகிட்ட எறக்குறது?"