உட்கார மறுத்தவர்

விஜயகுமாரால் உட்கார முடியவில்லை. உட்காருகிற இடத்திலேயே ஒரு கட்டி, எலுமிச்சம்பழம் போலத் திரண்டு நின்றது. ஓசூர் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் முழுக்க நின்றே ஓட்டி, கம்பெனி பஸ்ஸிலும் கம்பியைப் பிடித்து நின்றபடியே ஊர் வந்து சேர்ந்தான்.

சூளகிரி ஆஸ்பத்திரிக்குப் போகலாம். ஆனால் அங்கே சீட்டு எழுதுவது மனைவி ஜெயப்ரியாவின் சித்தி. காலையில் காட்டினால் மத்தியானத்துக்குள் காவேரிப்பட்டினம் வரைக்கும் சொந்தபந்தம் மொத்தமும் போன் போட்டு நலம் விசாரிக்கும்.

"பக்கத்து ஊருக்குப் புதுசா ஒரு நர்சம்மா வந்திருக்காங்களாம். டாக்டர் மாதிரி அவங்களே பார்த்து மருந்து தராங்களாம். அங்க போங்க," என்றாள் ஜெயப்ரியா.

சட்டைகூட மாற்றாமல், கழுத்தில் தொங்கிய கம்பெனி ஐடி கார்டோடு, பைக்கில் நின்றபடியே கிளம்பினான்.

சுகாதார நிலையம் பூட்டியிருந்தது. வாசல் பெருக்கிக்கொண்டிருந்த சாந்தம்மா நிமிர்ந்தாள்.

"நர்சம்மா இன்னிக்கு வந்தாங்களா, இல்லையா?" வலியில் குரல் கொஞ்சம் விறைப்பாகவே வந்தது.

துடைப்பம் கைநழுவியது. "வந்தாங்க சார்! மேட்டுக்கொல்லையில வீடு வீடா பார்க்கப் போயிருக்காங்க. என்ன விஷயம் சார்?"

"அதை அவங்ககிட்டதான் பேசணும்."

கட்டி எங்கே இருக்கிறதென்று கண்டவர்களிடமும் சொல்ல முடியுமா?

மேட்டுக்கொல்லை முனையில் மளிகைக்கடை ராமப்பன் நாற்காலியோடு ஓடிவந்தார். "கூர்ச்சோண்டி சார், உக்காருங்க."

"வேணாம்."

"ஒரு இளநி வெட்டட்டுமா?"

"ஒண்ணும் வேணாம். நர்சம்மா எந்தெந்த வீட்டுக்குப் போனாங்க? அதை மட்டும் சொல்லுங்க."

ராமப்பனுக்கு வேர்த்துவிட்டது. "எல்லா வீட்டுக்கும் போனாங்க சார். எங்க வீட்டுக்கு ரெண்டு தடவை! இப்பதான் ஸ்கூட்டியில பாறைக்கொட்டாய் பக்கம் பறந்தாங்க."

பறந்தாளாமே! இவனும் விரட்டினான். ஒரு பள்ளத்தில் கால் தடுமாறி, சீட்டில் தொப்பென்று உட்கார்ந்தான். அவன் போட்ட அலறலில் வயலில் மேய்ந்த மாடுகள் கயிறு அறுத்துக்கொண்டு ஓடின.

இனி பைக் ஆகாது. அந்தப் பக்கம் வந்த கரியப்பனின் தக்காளி வண்டியில் ஏறி, டிரைவர் கூண்டுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக் கம்பீரமாக நின்றுகொண்டான். வழியெல்லாம் ஜனங்கள் தலைத்துண்டை அவிழ்த்துக் கும்பிட்டார்கள். என்ன மரியாதையான ஊர் என்று நெகிழ்ந்துபோய் இவனும் கையசைத்தான்.

பாறைக்கொட்டாயில் ஊரே வரிசையாக நின்றது. நர்சம்மா மட்டும் இல்லை.

"எனக்கு பிரஷர் பார்த்தாங்க சார்!"

"எனக்கு சுகர் பார்த்தாங்க சார்!"

கடைசியில் நின்ற பொக்கைவாய்ப் பெரியவர் பதற்றத்தில், "எனக்குப் பிரசவத்துக்குத் தேதி சொன்னாங்க சார்!" என்றார்.

எப்பேர்ப்பட்ட கைராசிக்காரி! இவளிடம் காட்டாமல் திரும்புவதில்லை என்று முடிவெடுத்தான்.

தடம் கேட்டுக் கேட்டு, கர்நாடக எல்லையை ஒட்டிய டீக்கடையில் வந்து இறங்கினான். கடைக்காரி சரோஜம்மாள் ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். தலையாட்டி மறுத்தான். டீயை நீட்டினாள். அதையும் மறுத்தான், கண்ணில் தண்ணீர் முட்டியது.

"அம்மா, அவங்களைப் பார்க்காம நான் இன்னிக்கு வீட்டுக்குப் போறதா இல்ல."

"இருங்க சார், போன் போட்டுப் பார்க்கறேன்," என்று சரோஜம்மாள் கடைக்குப் பின்னால் ஓடினாள்.

விஜயகுமாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து அவள் கிசுகிசுப்பது தெளிவாகக் கேட்டது.

"நர்சம்மா, அந்த செக்கிங் ஆபீசர் இங்கயும் வந்துட்டாரு, ஸ்டூல் போட்டா உக்கார மாட்டேங்கறாரு, டீ குடுத்தா தொட மாட்டேங்கறாரு, ரொம்ப நேர்மையான ஆளு போலிருக்கு... நீங்க ஸ்கூட்டிய நிறுத்தாம அப்படியே கர்நாடகாவுக்குள்ள போயிடுங்க!"